காரீயமும் இறப்பரும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, இரண்டையும் கலப்பது பற்றி ஏன் பேசுவதில்லை?

ஆசிரியர் அவர்களுக்கு,

காரீயம் பற்றி (பென்சில் குச்சியில் இருக்கும் கிராபைட்டுத்தான்) நமது பத்திரிகைகளில் செய்தி வரும்போதெல்லாம் கதை ஒரே இடத்தில்தான் போய் நிற்கிறது. போகலைச் சுரங்கத்திலும் கஹட்டகஹச் சுரங்கத்திலும் மண்ணுக்கடியில் புதையல் கிடக்கிறது, அதைக் கல்லாகவே விற்றுத் தொலைக்காமல், ஓர் அணுத் தடிப்புள்ள தட்டாகப் பிரித்துக் கிராபீனாக மாற்றி விற்றால் நாடு தலைநிமிர்ந்துவிடும், அவ்வளவுதான். நான் இறப்பர்ப் பொருட்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் கலவை பார்க்கிறவன். இந்தச் செய்திகளைப் படித்துவிட்டு வேலைக்குப் புதிதாக வரும் பொடியன்மார் என்னிடம் ஆர்வத்தோடு கேட்பார்கள், அண்ணை, உருக்கைவிடப் பல மடங்கு பலமாமே, நாங்கள் ஏன் அதைப் போடுவதில்லை என்று. நல்ல கேள்வி. அதற்கான பதில் எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகிவிட்டது, ஆனாலும் தயவுசெய்து முழுமையாகப் போடுங்கள்.

நான் சொல்ல வருவது இதுதான்: கிராபீனைக் கிராபீனாக வாங்கிப் பயன்படுத்துகிறவர்கள் மிகக் குறைவு. அது வேறொன்றுக்குள், பெரும்பாலும் பிளாஸ்டிக், இறப்பர் போன்ற ஒரு பொலிமருக்குள், சரியாகக் கலந்த பிறகுதான் பொருளாகிறது. அந்தக் கலப்பில்தான் அறிவு இருக்கிறது, உழைப்பு இருக்கிறது, காசும் இருக்கிறது. நமக்கோ காரீயமும் இறப்பரும் இரண்டும் இருக்கின்றன, அதுவும் கேகாலை மாவட்டத்தை எடுத்தால் ஒரே மாவட்டத்துக்குள். அப்படியிருக்க நாம் ஒன்றைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

தெரியாதவர்களுக்காக அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். காரீயத்தில் காபன் அணுக்கள் அறுகோண வலையாகத் தட்டுத் தட்டாக இருக்கின்றன. ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடைவெளி 0.335 நனோமீற்றர், ஆக ஒரு மில்லிமீற்றர் தடிப்புக்குள் ஏறக்குறைய 30 இலட்சம் தட்டுகள் அடங்கும். தட்டுக்குள் அணுக்களின் பிணைப்பு மிகப் பலமானது, தட்டுக்கும் தட்டுக்கும் இடையில் இருக்கிற பிடிமானமோ மிகச் சொற்பம், அதனால்தான் பென்சில் கடதாசியில் வழுக்கி எழுதுகிறது. அந்த ஒற்றைத் தட்டுத்தான் கிராபீன். 2004ஆம் ஆண்டு மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் அந்திரே கெய்மும் கொன்ஸ்ரான்டின் நோவோசெலோவும் சாதாரண ஒட்டும் டேப்பால் காரீயத்தை உரித்து உரித்து அந்த ஒற்றைத் தட்டைப் பிரித்துக் காட்டினார்கள், 2010இல் பௌதிகவியல் நோபல் பரிசு கிடைத்தது. 2008இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அதன் பலத்தை அளந்தார்கள், 130 கிகாபஸ்கால் என்று வந்தது, உருக்கைவிடப் பல மடங்கு என்பது இதுதான். பத்திரிகைச் செய்திகள் வழக்கமாக இந்த இடத்தோடு முடிந்துவிடும்.

ஆனால் வேலை தொடங்குவதே இதற்குப் பிறகுதான். ஒரு கிராம் கிராபீனை முழுவதுமாக விரித்துவிட முடிந்தால் இரண்டு பக்கமும் சேர்த்து அதன் பரப்பு 2,630 சதுர மீற்றர். கொழும்புக்காரர் கணக்கில் சொன்னால் நூறு பேர்ச்சுக்கு மேல், ஒரே ஒரு கிராமில்! சிக்கல் என்னவென்றால் அது விரிந்தபடி இருக்காது. காய்ந்தவுடன் தட்டுகள் ஒன்றோடொன்று மீண்டும் ஒட்டிக்கொள்ளும், மறுபடியும் கிட்டத்தட்டக் காரீயமாகவே ஆகிவிடும். கறுத்த தூளாகப் பையில் வருகிற சாமான் பெரும்பாலும் இப்படி ஒட்டிப்போனதுதான். அந்தத் தட்டுகளுக்கு நடுவே ஏதோ ஒன்று புகுந்து அவற்றை விலக்கி வைத்திருக்க வேண்டும், அப்படி விலக்கி வைத்தபடியே இழுவிசையை ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்குக் கடத்தவும் வேண்டும். அந்த வேலையைச் செய்வதுதான் பொலிமர். உயர்தர இரசாயனவியல் புத்தகத்தில் பல்பகுதியம் என்று படித்திருப்பீர்கள், நீளமான சங்கிலி மூலக்கூறுகள். பிளாஸ்டிக், நைலோன், இறப்பர், பட்டு, சடப்பொருளும் உயிர்ப்பொருளுமாக எல்லாம் அந்தக் குடும்பம்.

இது கிராபீனோடு பிறந்த யோசனையும் அல்ல. 1980களில் ஜப்பானின் டொயோட்டா ஆய்வுகூடத்தில் நைலோனுக்குள் ஒரு வகைக் களிமண்ணைக் கலந்தார்கள். அந்தக் களிமண்ணின் தட்டு ஏறக்குறைய ஒரு நனோமீற்றர் தடிப்பு. தட்டுகளுக்கு இடையிலேயே நைலோன் சங்கிலி வளரும்படி செய்தபோது தட்டுகள் தனித்தனியாகப் பிரிந்து பரவின. ஐந்து வீதத்துக்கும் குறைந்த களிமண், ஆனால் நைலோனின் விறைப்பு ஏறக்குறைய இரட்டிப்பானது, பாரத்தின் கீழ் வளையத் தொடங்கும் வெப்பநிலை 65 பாகையில் இருந்து 140 பாகைக்கு மேல் போனது. பிறகு கார் எஞ்சினின் மூடி ஒன்றில் அதைப் பயன்படுத்தினார்கள். வெறும் களிமண்! களிமண்ணின் விலை என்ன, அந்த நைலோனின் விலை என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னும் பழைய உதாரணம் நமது மன்னார்க் கடலிலேயே இருக்கிறது. முத்துச்சிப்பியின் உள்பக்கம் மினுங்குகிறதே, அதில் ஏறக்குறைய 95 வீதம் கல்சியம் காபனேற்றுத் தட்டுகள், மிச்சம் புரதமும் கைற்றினும். அந்தக் கனிமத்தைத் தனியாக எடுத்தால் சுலபமாக நொறுங்கும். அரை மைக்ரோமீற்றர் தடிப்புள்ள தட்டுகளைச் சிப்பி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடையில் மெல்லிய புரதப் படலம் வைத்திருப்பதால், வெடிப்பு ஒன்று உள்ளே நுழைந்தால் நேராகப் போக வழியில்லாமல் தட்டைச் சுற்றிச் சுற்றி அலைந்து களைத்துப்போகிறது. உடைப்பது அவ்வளவு கடினமாவது அதனால்தான். உலகம் முழுவதும் கிராபீன் கலவை செய்கிறவர்கள் இந்தச் சிப்பியைத்தான் பார்த்துப் பார்த்துச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

சரி, இறப்பருக்கு வருவோம், எனக்கு நன்றாகத் தெரிந்த இடம் இது.

மரத்திலிருந்து வெட்டி எடுத்த பாலில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் இறப்பர், மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். அந்த இறப்பர் நுண்ணிய துணிக்கைகளாக மிதக்கிறது. ஒவ்வொரு துணிக்கையையும் சுற்றிப் புரதமும் கொழுப்பும் சேர்ந்த ஒரு மெல்லிய உறை உண்டு, அந்த உறைக்கு மறை ஏற்றம், அதனால் துணிக்கைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு பாலாகவே நிற்கின்றன. இப்போது காரீயத்தை அமிலத்தாலும் பொட்டாசியம் பரமங்கனேற்றாலும் ஒட்சியேற்றிப் பிரித்தால் கிராபீன் ஒட்சைட்டு கிடைக்கும். 1958இல் ஹம்மர்ஸ் என்பவர் வெளியிட்ட முறை இன்றைக்கும் சிறு மாற்றங்களோடு அதே முறைதான். அந்தத் தட்டும் தண்ணீரில் நன்றாகப் பரவும், அதற்கும் மறை ஏற்றம். ஆகவே இரண்டையும் ஒன்றாக ஊற்றிக் கலக்கினால் சண்டை பிடிக்காமல் கலக்கின்றன. கறுப்பும் மண்ணிறமும் கலந்த பால் போல இருக்கும், அமோனியா மணம் மூக்கில் ஏறும். அதற்குள் போமிக் அமிலம் விட்டால், வழக்கமாக ஷீட் அடிக்கப் பால் உறைய வைக்கிறோமே அதே அமிலம்தான், இரண்டின் ஏற்றமும் அடங்கி இறப்பரும் தட்டும் சேர்ந்தே உறைகின்றன. உறைந்ததைக் கையில் எடுத்துப் பிழிந்தால் வடிகிற தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும். தண்ணீர் கறுப்பாக ஓடினால் தட்டுகள் இறப்பரோடு ஒட்டவில்லை, தண்ணீரோடு போகின்றன என்று அர்த்தம். எந்த விலையுயர்ந்த கருவியும் இல்லாமல் முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும் சோதனை இது.

இங்கேதான் அழகான விஷயம் ஒன்று நடக்கிறது. இறப்பர்த் துணிக்கைக்குள் தட்டு நுழைய முடியாது, ஆகவே துணிக்கைக்கும் துணிக்கைக்கும் இடையிலுள்ள எல்லைகளில் மட்டும் தட்டுகள் போய்ச் சேர்கின்றன. அப்படியே அழுத்திச் சூடாக்கினால் இறப்பர் முழுவதிலும் ஓடுகிற ஒரு கறுப்பு வலை உருவாகிவிடும், மிகக் கொஞ்சத் தட்டிலேயே. கிராபீன் ஒட்சைட்டு அப்படியே மின்சாரம் கடத்தாது, ஆனால் அதிலுள்ள ஒட்சிசனை நீக்கிவிட்டால் மின்சாரம் கடத்த அந்த வலை போதும். 2006இல் அமெரிக்காவில் பொலிஸ்ரைரீனுக்குள் கிராபீன் தட்டுகளைக் கலந்து பார்த்தபோது கன அளவில் 0.1 வீதத்திலேயே மின்சாரம் ஓடத் தொடங்கியது. டயர்க் கலவையில் 100 பங்கு இறப்பருக்கு 50 பங்கு வரை காபன் கரித்தூள் கொட்டிப் பழகியவனுக்கு இந்த எண்ணைப் படிக்கும்போது என்ன தோன்றும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆனால் அதே உறைந்த இறப்பரை எடுத்து, வழக்கப்படி இரட்டை உருளை மில்லில் போட்டு நன்றாக அரைத்தால் அந்த வலை உடைந்துபோகும். தட்டுகள் எங்கும் சமமாகப் பரவும், இறப்பர் அதிகமாக இழுபடும், விறைப்பும் கடத்துதிறனும் குறையும். ஆக ஒரே பால், ஒரே தட்டு, ஒரே அளவு, அரைத்தால் ஒரு பொருள், அரைக்காமல் அழுத்தினால் இன்னொரு பொருள். இதில் எது நல்லது என்ற கேள்விக்குப் பொதுவான பதில் கிடையாது. கையுறைக்கு வேறு, கொன்வேயர் பட்டிக்கு வேறு, டயருக்கு வேறு. இதை முடிவெடுக்கிறவர் கலவை பார்க்கிறவர்தான், சுரங்கத்தில் கல் வெட்டுகிறவரும் இல்லை, கிராபீன் தூள் விற்கிறவரும் இல்லை.

பலம் பற்றியும் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அந்த 130 கிகாபஸ்காலைப் பிடித்துக்கொண்டு கனவு காண்கிறவர்கள் அதிகம். கிராபீனின் விறைப்பு இறப்பரைவிட ஏறக்குறைய பத்து இலட்சம் மடங்கு. அப்படியானால் ஒரு வீதம் போட்டால் இறப்பரின் விறைப்பு ஆயிரக்கணக்கான மடங்கு ஏறுமா? ஏறாது. மெத்தென்ற இறப்பர் இழுபடும்போது அந்த இழுவையைத் தட்டின்மேல் ஏற்றும் அளவுக்கு அதற்குப் பிடி இல்லை, தட்டு தன் பாட்டில் கிடக்கும். விறைப்பான பிளாஸ்டிக்குக்குள் போட்டால் கூடுதலாக வேலை செய்யும், இறப்பருக்குள் குறைவாகச் செய்யும். தட்டின் நீளமும் முக்கியம், ஓரங்களில் விசை ஏறாது, நடுவில்தான் ஏறும், அதனால் சில பத்து மைக்ரோமீற்றராவது அகலமான தட்டாக இருந்தால்தான் முழுப் பயன். நமது ஆட்கள் மிக்சியில் போட்டு நீண்ட நேரம் அடித்துத் தட்டைத் துண்டு துண்டாக்கிவிட்டு, பிறகு பலம் வரவில்லையே என்பார்கள்.

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது நமக்கு நெருக்கமான கதை. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி. ராமன் 1928இல் கண்டறிந்த ஒளிச்சிதறல் இருக்கிறதே, 1930இல் நோபல் பரிசு பெற்றுத் தந்தது, அதே முறையால்தான். கிராபீனின் மேல் லேசர் ஒளியைப் பாய்ச்சினால் திரும்பி வரும் ஒளியில் அதற்கே உரிய கோடுகள் தெரியும், தட்டு இழுபட்டால் அந்தக் கோடு நகரும். பிளாஸ்டிக் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தால் உள்ளே புதைந்திருக்கும் தட்டையும் இப்படிப் பார்க்கலாம். மான்செஸ்டரில் 2010இல் ஒற்றைத் தட்டு ஒன்றைப் பொலிமருக்குள் வைத்து இழுத்து, ஓரத்தில் எவ்வளவு விசை, நடுவில் எவ்வளவு விசை என்று புள்ளி புள்ளியாக அளந்தார்கள். நமது பாடசாலைகளில் ராமன் பெயரைப் பொது அறிவுப் போட்டிக்கு மட்டும் மனனம் செய்ய வைக்கிறோம், அவர் கண்டறிந்தது இன்றைக்கும் ஒவ்வொரு கிராபீன் ஆய்வுகூடத்திலும் தினமும் இயங்கிக்கொண்டிருக்கிறது என்று சொல்லிக் கொடுப்பதில்லை. எனக்கு இது உண்மையிலேயே வருத்தம்.

தூளாகக் கலப்பதை விட்டுவிட்டு அடுக்கு அடுக்காகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். 2016இல் அமெரிக்காவின் எம்.ஐ.ரி.யில் செய்தது எனக்கு மிகவும் பிடித்தது. செப்புத் தகட்டின்மேல் கிராபீனை வளர்த்து, அதன்மேல் பொலிகாபனேற்று பூசி, செம்பைக் கரைத்துவிட்டால் கிராபீனும் பிளாஸ்டிக்கும் ஒட்டிய ஒரு மெல்லிய தாள் கிடைக்கும். அந்தத் தாள்களை அடுக்கி, நான்காக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் சூடாக அழுத்தி, மறுபடி நான்காக வெட்டி அடுக்கினார்கள், பராட்டாவுக்கு மாவை வீசி மடித்து மடித்து அடுக்கு ஏற்றுகிற மாதிரி. ஒவ்வொரு தடவையும் அடுக்கு நான்கு மடங்காகும், தொடங்கிய எண்ணிக்கையின் 4 மடங்கு, 16 மடங்கு, 64 மடங்கு என்று. இப்படி 320 அடுக்கு வரை போனார்கள், அப்படியிருந்தும் மொத்தத்தில் கிராபீனின் பங்கு 0.2 வீதத்துக்கும் குறைவு. தட்டுகள் எல்லாம் ஒரே திசையில், ஓரத்திலிருந்து ஓரம் வரை முழு நீளத்துக்கு. தூள் கலவையில் கனவிலும் கிடைக்காத ஒழுங்கு இது. விலை அதிகம், நமது நனோ நிறுவனம் இருக்கிற ஹோமாகமவில் நாளைக்கே செய்துவிட முடியாது, ஆனாலும் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று காட்டுகிறது.

கிராபீன் ஒன்று மட்டுமே அணுத் தடிப்புள்ள பொருள் என்றும் நினைக்கக் கூடாது. போரன் நைத்திரைட்டு அதே அறுகோண வலைதான், ஆனால் மின்சாரம் கடத்தாது, வெப்பம் கடத்தும், ஆகவே மின் கருவிகளின் சூட்டை வெளியேற்றும் பிளாஸ்டிக்குகளுக்கு அதைக் கலக்கிறார்கள். மொலிப்டினம் இருசல்பைட்டு, எஞ்சின் கிறீஸில் இருக்கிற அதே கறுப்புச் சாமான், ஒற்றைத் தட்டாகும்போது ஒளியை நன்றாக வெளிவிடத் தொடங்குகிறது, அதை மின்கடத்தும் பொலிமரோடு சேர்த்தால் ஒளி விழுந்ததும் ஏற்றங்கள் இரண்டு பக்கமாகப் பிரியும், சூரியக்கலமும் ஒளி உணரியும் செய்யலாம். உலோகமும் காபனும் சேர்ந்த தட்டுகளான மெக்சீன் என்ற குடும்பம் 2011இல் அமெரிக்காவின் ட்ரெக்செல் பல்கலைக்கழகத்தில் வந்தது, அதைக் கடற்பாசியில் இருந்து எடுக்கும் அல்ஜினேற்றோடு கலந்து, மின்காந்த அலைகளைத் தடுக்கும் மெல்லிய படலம் செய்திருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை, யாழ்ப்பாணத்துக் கிணறுகளில் உப்பு ஏறுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். கிராபீன் ஒட்சைட்டுத் தட்டுகளை அடுக்கி வடிகட்டி செய்தால் தண்ணீர் போகும், உப்பு நிற்கும் என்று எதிர்பார்த்தார்கள். ஆனால் தண்ணீருக்குள் வைத்ததும் அந்தப் படலம் ஊதிப்போய் இடைவெளி அகன்றுவிட்டது, உப்பும் சேர்ந்து கடந்தது. 2017இல் மான்செஸ்டர்க்காரர்கள் அந்தப் படலத்தைச் சுற்றி எபொக்சிப் பிசின் ஊற்றி இறுக்கிப் பிடித்து, ஊதவிடாமல் செய்தார்கள், உப்பில் பெரும்பகுதி நின்றது. கதவுச் சட்டம் ஒட்டுகிற எபொக்சி! தட்டு மட்டும் இருந்தபோது தோற்றது, பொலிமர் கட்டிப் பிடித்த பிறகு வேலை செய்தது. நான் மேலே சொன்னதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

சந்தையிலும் இதுதான் நடக்கிறது. ஃபோர்ட் நிறுவனம் 2018இல் எஞ்சின் மூடிக்குக் கீழே வரும் நுரைப் பாகங்களில் கிராபீன் கலக்கப் போவதாக அறிவித்தது, அளவு அரை வீதத்துக்கும் குறைவு, சத்தம் குறைவது, சூடு தாங்குவது, கொஞ்சம் பலம் கூடுவது, இவைதான் பயன். அதே ஆண்டு ஓட்டக்காரர்களின் சப்பாத்து அடிப்பாகத்துக்குக் கிராபீன் கலந்த இறப்பர் வந்தது. விண்வெளிக்கு ஏணி கட்டுகிற கதையெல்லாம் இல்லை, நுரையும் சப்பாத்தும்தான். ஆனால் அந்த நுரையையும் சப்பாத்தையும் செய்கிறவர்கள்தான் இலாபம் பார்க்கிறார்கள்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். உலகத்தில் வணிக ரீதியில் நாளக் காரீயம், அதாவது பாறை வெடிப்புகளில் நரம்பு போல ஓடும் காரீயம், எடுக்கும் நாடு நாம்தான், தூய்மை 95 வீதத்துக்கு மேல் சாதாரணமாகவே இருக்கும். முதலாம் உலகப் போர்க் காலத்தில் ஆண்டுக்கு 30,000 டன்னுக்கு மேல் ஏற்றுமதி செய்த நாடு இது, பெரும்பகுதி கொழும்புத் துறைமுகத்தால்தான் போனது. இறப்பரோ 1876இல் கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொட தாவரவியற் பூங்காவில் நட்ட கன்றுகளில் தொடங்கியது. இன்றைக்கு அந்த இறப்பர் நொந்துபோய்க் கிடக்கிறது. 2011இல் ஒன்றரை இலட்சம் டன்னுக்கு மேல் எடுத்த நாட்டில் இப்போது பாதியும் கிடைப்பதில்லை, 2019இல் இருந்து இலை நோய் வேறு. சப்ரகமுவவிலும் களுத்துறையிலும் பால் வெட்டுகிற நம் தோட்டத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு இதன் அர்த்தம் என்னவென்று நான் விளக்கத் தேவையில்லை. மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் பேர் இல்லை, அதாவது அன்றைய நாட்கூலி இல்லை.

நாம் ஏற்கெனவே நன்றாகச் செய்கிற ஒரு பொருளை வைத்துச் சொல்கிறேன். போர்க்லிஃப்ட் வண்டிகளுக்குப் போடும் காற்றில்லாத கெட்டி டயர், உலகத்தில் அதை அதிகம் செய்கிற நாடுகளில் இலங்கை முன்வரிசையில் இருக்கிறது. அந்த டயர் தேய்ந்து போவதை விடச் சூட்டால் போவதுதான் பெரிய தலைவலி. பாரத்தோடு உருளும்போது உள்ளே சூடு பிறக்கிறது, இறப்பர் வெப்பத்தைக் கடத்தாது, தடிப்பான டயரின் நடுவில் சூடு அடைபட்டு உள்ளிருந்தே வெந்து பிளக்கிறது. வெட்டிப் பார்த்தால் வெளியில் நல்லாயிருக்கும், நடுவில் இறப்பர் பிசுபிசுத்துப் போயிருக்கும். அந்த நடு அடுக்குக்கு மட்டும் அகலமான காரீயத் தட்டுகளைத் திசை பார்த்துக் கலந்து, சூடு வெளியே போக ஒரு வழி அமைக்க முடியுமா? சுலபமில்லை என்று தெரியும், தட்டுக்கும் இறப்பருக்கும் இடையிலுள்ள ஒவ்வொரு எல்லையும் வெப்பத்தைத் தடுக்கும், ஆகவே மிகக் கொஞ்சமாகப் போட்டு மந்திரம் எதிர்பார்க்க முடியாது. ஆனால் இதற்கு ஒற்றைத் தட்டுக் கிராபீனே தேவையில்லை, சில பத்துத் தட்டுகள் சேர்ந்த மலிவான சாமானே போதுமாக இருக்கலாம். நமது சொந்தக் காரீயம், நமது சொந்த இறப்பர், நமது சொந்த டயர், தெரிந்த வாங்குபவர்கள். முயன்று பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

ஹோமாகமவில் 2008இல் தொடங்கிய இலங்கை நனோ தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது, அங்கே வளர்ந்த முறையில் 2018இல் இருந்து நாட்டிலேயே கிராபீன் செய்யும் ஒரு கூட்டு நிறுவனமும் இருக்கிறது. அகலவத்தையில் இருக்கிற இறப்பர் ஆராய்ச்சி நிலையத்துக்கு நூறு வயதுக்கு மேல். மொறட்டுவையிலும் பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் படித்தவர்கள் இருக்கிறார்கள். குறைவது என்ன? கையுறையும் பாய் விரிப்பும் இறப்பர் புஷ்ஷும் செய்கிற சின்னத் தொழிற்சாலைக்காரர் ஒருவர், தன் பாலில் இரண்டு லீற்றரைக் கொண்டுபோய்க் கொடுத்து, இதில் இந்தத் தட்டைக் கலந்து இழுத்துப் பார்த்துத் தாருங்கள் என்று கேட்க ஒரு கதவு. கட்டுப்படியாகும் கட்டணம், பதில் தர ஒரு நியாயமான கால எல்லை, தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்க அறிக்கை. இதற்குப் பெரிய கட்டடம் தேவையில்லை.

அடுத்தது, பெயர். 2018இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தினர் உலகம் முழுவதிலும் 60 நிறுவனங்கள் கிராபீன் என்று விற்றதை வாங்கிச் சோதித்தார்கள், பெரும்பாலானவற்றில் உண்மையான கிராபீன் பத்து வீதம்கூட இல்லை, மிச்சம் நன்றாக அரைத்த காரீயம். பத்துத் தட்டுக்கு மேல் போனால் அது கிராபீன் வகையில் சேராது என்று சர்வதேச வரையறை இருக்கிறது. அரைத்த காரீயம் கெட்ட பொருள் இல்லை, நான் மேலே டயருக்குச் சொன்னதே கிட்டத்தட்ட அதுதான். ஆனால் ஒன்றின் பெயரில் இன்னொன்றை விற்றால் கலவை செய்கிறவர் ஏமாறுவார், ஒரு தடவை ஏமாந்தவர் மறுபடி அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டார். பையின்மேல் சராசரித் தட்டு எண்ணிக்கை, தட்டின் அகலம், ஒட்சிசன் அளவு, இந்த மூன்றும் கட்டாயம் அச்சிட வேண்டும் என்று நமது தரக்கட்டளைகள் நிறுவனம் ஒரு விதி கொண்டுவந்தால், ஏற்றுமதியிலும் இலங்கைச் சாமானுக்கு ஒரு மதிப்பு வரும்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். வாரத்தில் ஒரு பக்கம் வேண்டாம், மாதத்தில் அரைப் பக்கம் இந்த மாதிரி விஷயங்களுக்கு ஒதுக்குங்கள். உயர்தரத்தில் இரசாயனவியல் தமிழில் படிக்கிற பிள்ளை, பல்பகுதியம் என்ற பாடத்தில் சங்கிலிப் படம் வரைந்து புள்ளி வாங்கிவிட்டு, தன் மாவட்டத்து இறப்பர்ப் பாலும் தன் நாட்டுக் காரீயமும் அதே பாடம்தான் என்று தெரியாமலே வெளியே போகிறது. ஆங்கிலத்தில் தேடினால் எல்லாம் கிடைக்கும் என்பார்கள், கிடைக்கும்தான், தேட வேண்டும் என்று முதலில் தோன்ற வேண்டுமே. தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு அதைத் தோன்ற வைக்கிறது தமிழ்ப் பத்திரிகைதான்.

கடைசியாக, யாராவது இதைப் படித்துவிட்டுச் சொந்தமாகப் பரிசோதிக்கப் புறப்பட்டால் ஒரு வார்த்தை. காய்ந்த கிராபீன் தூளைத் திறந்த இடத்தில் கொட்டிக் கலக்காதீர்கள். மூச்சோடு உள்ளே போகும், நுரையீரலுக்கு அது நல்லதல்ல என்ற கவலையால்தான் 2021இல் கனடா அரசாங்கம் கிராபீன் பூசிய முகக்கவசங்களைச் சந்தையில் இருந்து திரும்ப எடுக்கச் சொன்னது. ஒட்சைட்டைத் தண்ணீரில் கரைந்த பசையாகவே வாங்குங்கள், பாலில் ஈரமாகவே கலவுங்கள், தூசு எழவே எழாது. ஒட்சைட்டில் இருந்து ஒட்சிசனை நீக்க ஹைட்ரசீன் என்ற நஞ்சைப் பழைய கட்டுரைகள் சொல்லும், அது வேண்டாம், விற்றமின் சி போதுமான அளவுக்கு அதே வேலையைச் செய்கிறது. ஒட்சைட்டை வீட்டில் செய்ய முயலவே வேண்டாம், செறிந்த சல்பூரிக் அமிலமும் பரமங்கனேற்றும் சேர்ந்தால் வெடிக்கக் கூடியது. மேற்கொண்டு கேள்வி உள்ளவர்கள் உங்கள் அலுவலகத்துக்கு எழுதினால் எனக்கு அனுப்பிவையுங்கள், தெரிந்த வரைக்கும் பதில் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
இறப்பர் ஆய்வுகூட ஊழியர் ஒருவர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.